காட்டுக் காளான் பறிக்கப் புதிதாகத் தொடங்குகிறவர் எதிலிருந்து தொடங்குவது?

வன்னிமழை (பேர்ண், சுவிஸ்) | செப்டெம்பர் 14, இரவு 8.10

வணக்கம் உறவுகளே. நான் முல்லைத்தீவுப் பக்கம் பிறந்து வளர்ந்தவன். பேர்ணுக்கு வந்து பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. ஊரில் மாரி தொடங்கி இரண்டு நாள் இடி இடித்தால், மூன்றாம் நாள் விடியற்காலையில் அம்மம்மா எங்களை எழுப்பி, ஓலைப்பெட்டியுடன் புற்றடிக்குக் கூட்டிச் செல்வார். அப்படிப் பறித்துச் சமைத்த காளானின் சுவை இன்னும் நாக்கில் இருக்கிறது.

இங்கே என்னுடன் வேலை செய்பவர்கள் இலையுதிர்காலம் வந்தால் காட்டுக்குப் போய்க் கூடை கூடையாகக் காளான் கொண்டுவருகிறார்கள். எனக்கும் ஆசை வந்துவிட்டது. நேற்று வேலை முடிந்து வரும் வழியில் பீச் மரக்காட்டின் ஓரத்தில் பத்துப் பதினைந்து காளான்களைக் கண்டேன். தொப்பி வெள்ளையும் இளம்பச்சையுமாக இருந்தது. சில இன்னும் விரியாமல் மொட்டாக இருந்தன. பார்த்தவுடன் ஊர்க் காளான் என்றே மனம் சொன்னது. தண்டைக் கத்தியால் அறுத்துப் பொலித்தீன் பையில் கொண்டுவந்தேன். சமைக்க வேண்டாம் என்று மனைவி தடுத்துவிட்டதால் இப்போது குளிர்சாதனப் பெட்டியில் இருக்கின்றன. இவற்றைச் சாப்பிடலாமா? முறையாகக் கற்க வேண்டும் என்றால் எங்கிருந்து தொடங்குவது?

கூடைக்காரர் (சூரிச்) | செப்டெம்பர் 14, இரவு 8.32

தம்பி, அந்தப் பையில் இருக்கும் எதையும் வாயில் வைக்காதீர்கள். ருசி பார்க்கவும் வேண்டாம். பையை மற்ற உணவுகளோடு சேராமல் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். தொட்டதால் ஒன்றும் ஆகாது, கையைக் கழுவினால் போதும். உங்கள் மனைவி தடுத்தது பெரிய காரியம். அதை அவரிடம் சொல்லுங்கள்.

நீங்கள் எழுதிய விவரங்களில் மூன்று எனக்குப் பயத்தைத் தருகின்றன: பீச் மரம், பச்சை கலந்த தொப்பி, மொட்டாக இருந்த சிறியவை. இவை மூன்றும் சேர்ந்தால் அமானிட்டா பல்லாய்டிஸ் என்னும் காளானாக இருக்க இடமுண்டு. ஆங்கிலம் பேசுகிறவர்கள் அதை மரணத்தொப்பி என்கிறார்கள். ஐரோப்பாவில் காளானால் நேரும் சாவுகளில் பெரும்பாலானவற்றுக்கு அதுவே காரணம். நான் படத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஆகவே அதுதான் என்று சொல்ல மாட்டேன், அது இல்லை என்றும் சொல்ல மாட்டேன். இணையத்தில் யார் சொன்னாலும் அதை வைத்து உலை ஏற்றாதீர்கள்.

நாம் இருக்கும் நாட்டில் இதற்கு ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. காளான் பருவத்தில் பல ஊராட்சிகள் காளான் சரிபார்க்கும் நிலையம் நடத்துகின்றன. பில்ட்ஸ்கொன்ட்ரோல்லே என்று கேட்டால் சொல்வார்கள். தேர்வெழுதிச் சான்றிதழ் பெற்றவர்கள் அங்கே அமர்ந்திருப்பார்கள். பெரும்பாலும் ஊர்மக்களிடம் காசு வாங்குவதில்லை. பறித்த அனைத்தையும், உடைந்த துண்டுகள் உட்பட, அப்படியே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

புற்றடி (ஒட்டன்சத்திரம்) | செப்டெம்பர் 14, இரவு 9.45

வணக்கம். நான் திண்டுக்கல் மாவட்டத்தில் விவசாயம் செய்கிறேன். எங்கள் தோட்டத்தில் இரண்டு புற்றுகளில் ஆண்டுதோறும் காளான் வருகிறது. வன்னிமழை அவர்களின் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. ஊரில் அவருடைய அம்மம்மா தவறு செய்யவில்லை, சுவிஸில் அவர் ஏன் தவறப் பார்த்தார்? அந்த இடத்தில்தான் புதியவர்களுக்கான பாடம் இருக்கிறது என்று நினைப்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

புற்றுக்காளான் தனியாக முளைப்பதில்லை. கரையான்கள் புற்றுக்குள் தேனடை போன்ற ஓர் அடையைக் கட்டி, அதில் ஒரு பூஞ்சையை வளர்த்துத் தின்கின்றன. மழை ஈரம் இறங்கியதும் அந்தப் பூஞ்சைதான் காளானாக மேலே வருகிறது. டெர்மிட்டோமைசிஸ் என்பது அந்த இனத்தின் பெயர். அதில் ஒரு வகையைச் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கே. நடராஜன் 1979 இல் டெர்மிட்டோமைசிஸ் ஹெய்மி என்று பெயரிட்டு விவரித்தார். கரையானோடு சேர்ந்தே வாழ்வதால்தான் சிப்பிக்காளானைப் போல இதைக் கொட்டகையில் வளர்த்து விற்க முடிவதில்லை.

பறிக்கும்போது பாட்டி எங்களுக்குச் சொன்னது ஒன்றுதான்: "வேர் தெரியாமல் பிடுங்காதே." தொப்பியைப் பிடித்து இழுத்தால் தண்டு முறிந்துவிடும். மண்ணை விரலால் விலக்கிக்கொண்டே போனால் தண்டு மெலிந்து மெலிந்து வேர்போல ஒரு சாண், சில சமயம் ஒரு முழம்கூடக் கீழே இறங்கும். அதன் முனை புற்றின் உள்ளே இருக்கும் அடையில் போய் முடியும். விரல் அந்தப் பொந்தைத் தொடும்போது உள்ளிருந்து வெதுவெதுப்பான காற்று வரும், கரையான் ஒன்றிரண்டு கையில் ஏறும். தொப்பியின் நடுவே பென்சில் முனைபோலக் கூர்மையாக, கொஞ்சம் பழுப்பாக இருக்கும். தண்டின் அடியில் முட்டைத்தோல் போன்ற பை கிடையாது. இத்தனையும் சேர்ந்திருந்தால்தான் எங்கள் வீட்டில் அது காளான், இல்லையென்றால் நாய்க்குடை.

ஆக, பாட்டி பார்த்தது வெள்ளைக் குடையை மட்டுமல்ல. எந்தப் புற்று, எந்த மழை, சென்ற ஆண்டு எங்கே வந்தது, வேர் எங்கே போகிறது என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தார். நாம் பிள்ளைகளாகப் பக்கத்தில் நின்றபோது குடை மட்டும் நம் கண்ணில் பதிந்தது. கடல் கடந்து போகும்போது நாம் எடுத்துக்கொண்டு போவது அந்தக் குடையின் நினைவை மட்டுமே.

கூடைக்காரர் (சூரிச்) | செப்டெம்பர் 14, இரவு 10.20

புற்றடி ஐயா சொன்னது முழுக்க உண்மை. அதற்கு வருத்தமான சான்றுகளும் உண்டு. 2015 இலையுதிர்காலத்தில் ஜேர்மனிக்கு வந்து சேர்ந்த அகதிகள் பலர், சிரியாவிலிருந்து வந்தவர்கள் உட்பட, மரணத்தொப்பியைப் பறித்து உண்டு நஞ்சேறிப்போனார்கள். ஹனோவர் மருத்துவக் கல்லூரி பல மொழிகளில் எச்சரிக்கைச் சுவரொட்டி அச்சிட வேண்டியிருந்தது. அவர்களுடைய ஊரில் இதைப் போலவே தோன்றும் உண்ணத்தக்க காளான் இருக்கிறது. அவுஸ்திரேலியாவின் கன்பராவில் 2011 ஆம் ஆண்டின் கடைசி இரவு விருந்தில் இதே காளானை உண்ட இருவர் சில நாட்களில் இறந்தார்கள். ஆசியாவில் பழகிய வைக்கோல் காளான் என்று எண்ணி எடுத்திருக்கலாம் என்று அப்போது பேசப்பட்டது. வைக்கோல் காளானும் மொட்டில் முட்டைபோல இருக்கும், அதற்கும் அடியில் பை உண்டு. ஆனால் அதன் செவுள்கள், அதாவது தொப்பியின் கீழே இருக்கும் மெல்லிய தகடுகள், முதிரும்போது இளஞ்சிவப்பாகும், மரணத்தொப்பியின் செவுள்கள் கடைசிவரை வெள்ளையாகவே இருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மரணத்தொப்பி அவுஸ்திரேலியாவின் சொந்தக் காளான் அல்ல. ஐரோப்பாவிலிருந்து கொண்டுபோய் நட்ட ஓக் மரங்களின் வேரோடு அங்கே போனது. மனிதரைப் போலக் காளானும் புலம்பெயர்கிறது.

குறிஞ்சிமலர் (குன்னூர்) | செப்டெம்பர் 15, காலை 7.05

எங்கள் நீலகிரியிலும் அதே கதைதான் நடந்திருக்கிறது. பைன் தோட்டங்களில் மழைக்குப் பிறகு சிவப்புத் தொப்பியும் அதன்மேல் வெள்ளைப் பொட்டுகளுமாக அமானிட்டா மஸ்காரியா முளைக்கிறது. அந்த மரங்கள் வெளியிலிருந்து வந்தவை, அந்தக் காளானும் அவற்றோடு வந்தது. இந்த மலையின் பழங்குடி மக்களுக்குச் சோலைக்காட்டுக் காளான்களைப் பற்றித் தலைமுறை அறிவு உண்டு. ஆனால் பைன் தோட்டத்தில் முளைப்பவை அந்த அறிவுக்குள் வருவதில்லை. சுற்றுலா வருகிறவர்கள் அதைக் கையில் வைத்துப் படம் எடுப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பதைப்பாக இருக்கும். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றிப் பறிப்பது குற்றம் என்பதையும் இங்கே வருகிறவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

மணிமொழி (கோயம்புத்தூர்) | செப்டெம்பர் 15, காலை 9.40

எங்கள் வீட்டில் காளான் குழம்பு கொதிக்கும்போது அம்மாச்சி வெள்ளிக்காசு ஒன்றைப் போடுவார். கறுக்காவிட்டால் நல்ல காளான் என்பார். மஞ்சளும் பூண்டும் போட்டு நிறம் மாறுகிறதா என்றும் பார்ப்பார். பூச்சி கடித்திருந்தால் மனிதரும் சாப்பிடலாம் என்றும் சொல்வார். இத்தனை காலமும் எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே. இவற்றில் எதற்கும் அடிப்படை இல்லையா என்று அறிய விரும்புகிறேன்.

கூடைக்காரர் (சூரிச்) | செப்டெம்பர் 15, பகல் 12.15

மணிமொழி அக்கா, எதற்கும் அடிப்படை இல்லை. மரணத்தொப்பியின் நஞ்சான அமாடாக்சின் வெள்ளியைக் கறுக்க வைக்காது, மஞ்சளின் நிறத்தையும் மாற்றாது. கொதிக்க வைத்தாலும், வெயிலில் உலர்த்தினாலும், உறைய வைத்தாலும் அது அழிவதில்லை. நத்தையும் புழுவும் அதைத் தின்றுவிட்டு நலமாகவே இருக்கும். உண்டு பிழைத்தவர்கள் அதன் சுவை நன்றாக இருந்தது என்றே சொல்லியிருக்கிறார்கள். அதனால் நாக்கும் உதவாது.

உங்கள் அம்மாச்சியின் சமையலில் ஒன்றும் ஆகாததற்குக் காரணம் வெள்ளிக்காசு அல்ல. காசு போடுவதற்கு முன்பே, பறிக்கும் இடத்தில், அவர் சரியான காளானைத் தேர்ந்திருந்தார். காசு மட்டும் பேரனுக்கும் பேத்திக்கும் போய்ச் சேர்ந்து, தேர்ந்தெடுக்கும் கண் போய்ச் சேராவிட்டால் அங்கேதான் ஆபத்து.

புற்றடி (ஒட்டன்சத்திரம்) | செப்டெம்பர் 15, பிற்பகல் 3.30

எங்கள் பக்கத்தில் புதியவர்கள் அதிகமாக ஏமாறும் காளானைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். புல்தரையிலும் எருக்குழி ஓரத்திலும் மழை முடிந்ததும் தட்டு அகலத்துக்குப் பெரிய வெள்ளைக் குடை வரும். மேலே பழுப்புச் செதில்கள், தண்டில் மேலும் கீழும் நகரும் வளையம். குளோரோபில்லம் மாலிப்டைட்டிஸ் என்பது அதன் பெயர். பார்க்க அத்தனை அழகாகவும் சதைப்பற்றாகவும் இருப்பதால் விடுவதற்கு மனம் வராது. உண்டால் ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் கடுமையான வாந்தியும் பேதியும் பிடித்துக்கொள்ளும். இளசாக இருக்கும்போது செவுள் வெள்ளையாக இருக்கும், முதிர்ந்த பின்புதான் பச்சை ஏறும். இளசைப் பறிக்கிறவர்களுக்கு அந்த எச்சரிக்கை கிடைப்பதில்லை.

இதைக் கண்டுபிடிக்க, செவுளிலிருந்து உதிரும் வித்துத்தூளைப் படிய வைத்துப் பார்க்கலாம். விரிந்த காளானின் தண்டை நீக்கிவிட்டுத் தொப்பியைச் செவுள் கீழே இருக்கும்படி ஒரு தாளில் வைத்து, மேலே கிண்ணத்தைக் கவிழ்த்து, இரவு முழுவதும் விட்டுவிட வேண்டும். வெள்ளைத் தூளும் தெரிய வேண்டும் என்பதால் தாளில் பாதி வெள்ளையாகவும் பாதி கறுப்பாகவும் இருந்தால் நல்லது. சென்ற ஐப்பசியில் என் மகள் இரண்டு தொப்பிகளைப் பக்கம் பக்கமாக வைத்தாள். காலையில் கிண்ணத்தை எடுத்தபோது புற்றுக்காளானின் கீழே செவுளின் கோடுகள் வெளிர்ந்த இளஞ்சிவப்பில் சக்கரம்போலப் படிந்திருந்தன. மற்றதன் கீழே பாசிபோல மங்கிய பச்சை. இரண்டும் முதல் நாள் மாலையில் ஒரே வெள்ளையாக இருந்தவை. ஆனால் இந்தச் சோதனையை மட்டும் நம்பிவிடக் கூடாது. இளஞ்சிவப்புத் தூள் கொண்ட நச்சுக்காளான்களும் உண்டு. வேர், இடம், தொப்பியின் முனை எல்லாம் ஒத்துவந்த பிறகு, கடைசியாகச் சேரும் ஒரு சாட்சியாகவே இதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஊரில் இருக்கிறோம் என்பதே காப்பு என்றும் யாரும் எண்ண வேண்டாம். 2022 ஏப்ரலில் அசாமில் காட்டுக் காளான் உண்ட 13 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலானவர்கள் தேயிலைத் தோட்டத்துக் குடும்பத்தினர்.

செவிலி_வாசுகி (பாசல், சுவிஸ்) | செப்டெம்பர் 15, இரவு 9.00

நான் இங்கே வைத்தியசாலையில் தாதியாகப் பணிபுரிகிறேன். காளான் நஞ்சில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது அதன் நேரக்கணக்கு. உண்டு ஒன்றிரண்டு மணி நேரத்தில் வாந்தி வந்தால் அது பெரும்பாலும் வயிற்றோடு முடியும் வகை. ஆறு மணி நேரத்துக்குப் பிறகு, பன்னிரண்டு மணி நேரம் கழித்துக்கூட, வாந்தியும் நீர்போன்ற பேதியும் தொடங்கினால் அமாடாக்சின் என்றே கருதி உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அந்த நேரத்துக்குள் நஞ்சு ஈரலுக்குப் போய்விட்டிருக்கும். உயிரணுக்கள் புரதம் உருவாக்குவதற்கான முதல் படியையே அது நிறுத்துகிறது.

இதில் மிகக் கொடுமையானது இரண்டாம் நாள். வாந்தி நின்று, நோயாளி எழுந்து உட்கார்ந்து, பசிக்கிறது என்றுகூடச் சொல்வார். குடும்பம் நிம்மதி அடையும். உள்ளே ஈரல் அழிந்துகொண்டிருப்பது மூன்றாம் நான்காம் நாளில்தான் மஞ்சள் காமாலையாக வெளியே தெரியும். அந்த நிலையில் சிலருக்கு ஈரல் மாற்று அறுவைதான் மிஞ்சிய வழி. ஆகவே சுகமாகிவிட்டது என்று எண்ணி யாரும் வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். சிறுநீரகத்தைத் தாக்கும் கோர்ட்டினேரியஸ் என்னும் காளான் வகைகளோ இன்னும் மெதுவானவை. அறிகுறி தெரிய இரண்டு மூன்று வாரம்கூட ஆகலாம்.

ஐயம் எழுந்தால், அறிகுறிக்குக் காத்திராமல் சுவிஸில் 145 என்ற நஞ்சுத் தகவல் எண்ணை அழையுங்கள். எந்த நேரத்திலும் எடுப்பார்கள். இந்தியாவில் 108 ஐ அழையுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மீந்த காளான், வெட்டி எறிந்த தோல், சமைத்த கறி, வாந்தி எதையும் கொட்டிவிடாமல் எடுத்துச் செல்லுங்கள். ஒரே சட்டியில் உண்ட எல்லோரும், நலமாக இருப்பவர் உட்பட, சேர்ந்தே போக வேண்டும்.

வன்னிமழை (பேர்ண், சுவிஸ்) | செப்டெம்பர் 16, இரவு 8.50

உறவுகளே, இன்று மாலை நிலையத்துக்குப் போய் வந்தேன். கை இன்னும் நடுங்குகிறது. இருந்தாலும் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

அங்கே இருந்தவர் எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா. மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து, பையைக் கவிழ்த்து, ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். எந்த மரத்தின் கீழ் என்று கேட்டார். அறுத்த தண்டைக் காட்டி, இதன் அடி எங்கே என்று கேட்டார். காட்டிலேயே இருக்கிறது என்றேன். அடி இல்லாமல் காளானைக் கொண்டுவருவது, முதல் பக்கம் கிழிந்த கடவுச்சீட்டைக் கொண்டுவருவதைப் போன்றது என்றார். பிறகு, நான் அறுக்காமல் பிடுங்கியிருந்த சின்ன மொட்டு ஒன்று அவர் கையில் அகப்பட்டது. மண்ணைத் தூரிகையால் தட்டியபோது அதன் அடியில் கிழிந்த முட்டைத்தோல்போல வெள்ளைப் பை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் விரிந்த ஒன்றைக் கவிழ்த்து வைத்தார்: பால்போல வெண்மையான செவுள், தண்டில் பாவாடைபோலத் தொங்கும் வளையம். நீளவாக்கில் மெல்லிய கீறல்கள் ஓடிய தொப்பியின் பச்சையை விரலால் சுட்டிக்காட்டி, கூடைக்காரர் அண்ணா எழுதிய அதே பெயரைச் சொன்னார்.

வீட்டில் யாராவது உண்டார்களா, ஒரு துண்டாவது மிச்சம் இருக்கிறதா என்று இரண்டு முறை கேட்டார். பையில் இருந்தவற்றில் மூன்று நல்ல புல்வெளிக் காளான்கள். ஆனால் துண்டுகள் கலந்திருக்கும் என்று அவற்றையும் சேர்த்து வாங்கிக்கொண்டார். எனக்கு ஆறு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். இதற்குமேல் என்னால் எழுத முடியவில்லை. உங்கள் எல்லோருக்கும் நன்றி.

மணிமொழி (கோயம்புத்தூர்) | செப்டெம்பர் 17, காலை 6.30

தம்பி, படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நீங்கள் அனைவரும் நலமாக இருப்பதே போதும். என் மகன் கைப்பேசியில் படம் எடுத்தால் காளானின் பெயர் சொல்லும் செயலி ஒன்றை வைத்திருக்கிறான், அதையாவது நம்பலாமா?

கூடைக்காரர் (சூரிச்) | செப்டெம்பர் 17, காலை 7.50

உண்பதற்கு நம்பக் கூடாது, அக்கா. படம் மேல்பக்கத்தைப் பார்க்கிறது. மண்ணுக்குள் இருக்கும் பையையும், மணத்தையும், வெட்டினால் மாறும் நிறத்தையும் அது பார்ப்பதில்லை. பெயரைத் தேடத் தொடங்குவதற்கு உதவும், அவ்வளவுதான். புத்தகம் வாங்கும்போதும் கவனம் தேவை. 2023 இல் கணினியே எழுதித்தள்ளிய காளான் கையேடுகள் இணையக் கடைகளில் விற்கப்படுவதைக் கண்டு நியூயோர்க் காளான் சங்கம் எச்சரிக்கை விடுத்தது.

வன்னிமழை தம்பி, நீங்கள் ஆசையை விட்டுவிடக் கூடாது என்று விரும்புகிறேன். இந்த நாட்டின் குடியியல் சட்டம் 699 ஆம் பிரிவில், காட்டுக்குள் போகவும் காளான் பறிக்கவும் எல்லோருக்கும் உரிமை தருகிறது. அந்த உரிமை நமக்கும் உண்டு. மாநிலத்துக்கு மாநிலம் எடைவரம்பும் தடைநாட்களும் மாறும் என்பதால் உங்கள் ஊர் விதியை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த ஆண்டு ஒரே ஒரு காளானைக் கற்றுக்கொள்ளுங்கள். ஐயர்ஷ்வெம்லி என்னும் மஞ்சள் காளானைப் பரிந்துரைக்கிறேன். முட்டைக்கருவின் மஞ்சள் நிறம். தொப்பியின் கீழே தனித்த செவுள் இராது, தோலின் மடிப்புகள்தான் கிளைவிட்டுத் தண்டுவரை இறங்கும். நகத்தால் அந்த மடிப்பை மட்டும் பிரிக்க முடியாது. கிழித்தால் உள்ளே வெளிர் வெள்ளை. முகர்ந்தால் அப்ரிகொட் பழத்தின் மணம். போலி ஒன்று உண்டு: ஆரஞ்சு நிறம் கூடுதலாக, மெலிந்து, நெருக்கமான உண்மையான செவுளோடு இருக்கும். ஐம்பது தடவையாவது இரண்டையும் கையில் வைத்துப் பாருங்கள். தெரியாததைக் கத்தியால் அறுக்காமல் அடியோடு கிளறி எடுங்கள், தெரிந்ததோடு கலக்காமல் தனித்தாளில் சுற்றுங்கள். பொலித்தீன் பை வேண்டாம். அதில் நல்ல காளானும் வியர்த்துக் கெட்டுப்போய் வயிற்றைக் கெடுக்கும். வரும் ஞாயிற்றுக்கிழமை நான் பேர்ண் பக்கம் வருகிறேன், விரும்பினால் சேர்ந்து போகலாம்.

வன்னிமழை (பேர்ண், சுவிஸ்) | செப்டெம்பர் 22, மாலை 6.15

அண்ணாவுடன் காலையில் போனேன். முதல் இரண்டு மணி நேரம் ஒன்றும் அகப்படவில்லை. பிறகு ஊசியிலை மரங்களுக்கு இடையே பாசியை விலக்கியபோது மஞ்சளாக ஒரு வரிசை தெரிந்தது. நான் எடுத்தவற்றில் மூன்று போலி. அவற்றில் இரண்டை நானே கண்டுபிடித்தேன், ஒன்றை அண்ணா காட்டினார். மிச்சத்தைப் பனையோலைப்பெட்டியில் வைத்து, திரும்பும் வழியில் அதே அம்மாவிடம் கொண்டுபோனோம். அவர் பெட்டியைத்தான் முதலில் தடவிப் பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் புரட்டி, 350 கிராம், உண்ணத்தக்கது என்று சீட்டு எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தார். இப்போது மனைவி சின்ன வெங்காயமும் மிளகும் போட்டு வதக்கிக்கொண்டிருக்கிறார். குறைந்தது இருபது நிமிடம் வேக வேண்டும் என்பதால் மணிக்கூட்டைப் பார்த்தபடி இதை எழுதுகிறேன். முதல் தடவை என்பதால் ஆளுக்கு இரண்டு கரண்டிதான். சிறுபிள்ளைக்கு இப்போது வேண்டாம் என்று அந்த அம்மா சொன்னார், மகளுக்கு முட்டைப் பொரியல்.